நான் வெட்டிய பத்தி

போர் நிருபர்களைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. செஞ்சியில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தவன் நான். மாதச் சம்பளம் இல்லை. அச்சான செய்திக்கு சென்டிமீட்டர் கணக்கில் காசு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டை தேங்கினால் செய்தி. பக்ரீத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு என்ன விலைக்குப் போனது என்பது செய்தி. திண்டிவனம் சாலையில் லாரி கவிழ்ந்தால் செய்தி. ஞாயிறு இணைப்பில் இடம் காலியாகக் கிடந்தால் ராஜா தேசிங்கு. துப்பாக்கிச் சத்தத்தை சினிமாக் கொட்டகையில் கேட்டதோடு சரி.

அப்படிப்பட்டவன் போர்ச் செய்தி எழுதப் போய்ச் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. வீட்டில்கூடச் சொன்னதில்லை.

2009-ன் முதல் ஐந்து மாதம் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் இது புரியும். ஜனவரி 29 அன்று சென்னை சாஸ்திரி பவன் முன்னால் முத்துக்குமார் தீக்குளித்தார். அவரும் ஒரு பத்திரிகை அலுவலகத்தில், ‘பெண்ணே நீ’ இதழில், வேலை பார்த்தவர். அதற்குப் பிறகு கூட்டு ரோடு டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் வன்னி வரைபடத்தையே ஒப்பித்தார்கள். நிருபர்களைப் போர் நடந்த இடத்துக்குச் சுதந்திரமாகப் போக இலங்கை அரசு விடவில்லை. ராத்திரியில் பிபிசி தமிழோசை. மற்ற நேரம் யாரோ இணையத்தில் இருந்து இறக்கி, பிரிண்ட் போட்டுக் கொண்டுவரும் படங்கள். நானும் எழுதினேன். நாளிதழ் போடாததை, நண்பர்கள் சேர்ந்து நடத்திய மாத இதழில் எழுதினேன். கையில் இருந்த தகவல் கொஞ்சம், சேர்த்த உணர்ச்சி நிறைய.

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அப்போது மேரி கால்வினின் படம் இருந்தது. லண்டன் சண்டே டைம்ஸ் நிருபர். 2001 ஏப்ரலில் வன்னிக்குள் போய்விட்டு, இரவில் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குத் திரும்பும்போது ராணுவத்தின் குண்டுச் சிதறல் பட்டு இடது கண் போயிற்று. பத்திரிகையாளர் என்று கத்தியும் அடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கண்ணில் கறுப்புத் துணி. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், சரணடைய விரும்பிய புலிகளின் அரசியல் பிரிவினருக்கும் ஐ.நா. அதிகாரிகளுக்கும் நடுவில் தொலைபேசியில் நின்றவரும் அவர்தான். 2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸ் நகரத்தில் குண்டுவீச்சில் இறந்தார். இறப்பதற்கு ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால் லண்டன் தேவாலயம் ஒன்றில் பேசும்போது, இது துணிச்சலா, வெறும் பகட்டா என்று தன் தொழிலைப் பார்த்தே கேட்டவர். அந்தப் பேச்சை நான் ரொம்பக் காலம் கழித்துத்தான் படித்தேன். படத்தை வைத்திருந்த நாட்களில் அவர் எழுதியது எதையும் முழுதாகப் படித்திருக்கவில்லை. நம் பக்கத்தை எழுதப் போய்க் கண்ணைக் கொடுத்தவர், எனக்கு அது போதும். எந்தப் பக்கத்தையும் அவர் எழுதியிருப்பார் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை.

2010 கோடையில் எங்கள் தெருவில் ஒரு புதுவீட்டுக்கு பெயின்ட் அடிக்க ஆட்கள் வந்தார்கள். மரக்காணம் பக்கம் கீழ்புத்துப்பட்டு அகதி முகாமில் இருந்து மேஸ்திரி கூட்டி வந்த ஆட்கள். முகாம் ஆண்கள் நிறையப் பேருக்கு பெயின்டிங்தான் பிழைப்பு. அவர்களில் ஒருவர், நாற்பத்தைந்து ஐம்பது இருக்கும், சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

“அண்ணை, நீங்கள் பேப்பரில எழுதுறனீங்களாம். ஒரு விசயம் சொல்ல வேணும்.”

அவராக வந்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன். நான் தேடிப் போகவில்லை, வற்புறுத்தவில்லை.

முதல் நாள் அவர் சொன்னது பொக்கணை. 2009 ஏப்ரலில் அம்பலவன்பொக்கணையில் குழந்தைகளுக்குப் பால்மா கொடுக்கிறார்கள் என்று தாய்மார் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் செல் விழுந்தது. அவர் ஓடிப்போய்த் தூக்கியவர்களில் ஒருத்தி பால்மா அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி இறந்திருந்தாள். பிறகு களப்பைத் தாண்டி ராணுவத்திடம் வந்தது, செட்டிக்குளம் முகாமின் முள்வேலி, காசு கொடுத்து வெளியேறியது, கொழும்பு, விமானம். செட்டிக்குளம் என்று அவர் சொன்னபோது எனக்கு ராஜகிரி அடிவாரத்துக் குளம்தான் கண்ணில் வந்தது; எங்கள் ஊரிலும் ஒரு செட்டிக்குளம் உண்டு என்றேன். தலையை ஆட்டினார். நான் வேகவேகமாக எழுதிக்கொண்டேன். கை வலிக்க எழுதினேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். இப்படி ஒரு ஆள் கிடைக்க மாட்டாரா என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தவன் நான்.

மறுநாள் அவர் சொன்னது இயக்கம், அதாவது புலிகள், செய்தது. சொல்லச் சொல்ல என் பேனா நின்றுபோனதை அவர்தான் முதலில் கவனித்தார். “எழுதுங்கோ அண்ணை” என்றார். எழுதினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கங்களில் என் கையெழுத்து வேறு ஆளுடையதைப் போலச் சின்னதாக இருக்கிறது.

மாத இதழில் கட்டுரை வந்தது. பொக்கணை இருந்தது, பால்மா அட்டை இருந்தது, முள்வேலி இருந்தது. இரண்டாம் நாள் சொன்னதில் ஒரு எழுத்து இல்லை. இதழ் நடத்திய நண்பர்கள் யாரும் வெட்டவில்லை. அவர்கள் கண்ணில் அது படவே இல்லை. முதலில் ஒரு பத்தியாக எழுதினேன், பிறகு நானே அடித்தேன். முதல் நினைவுநாள் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதில் அந்தக் கட்டுரையை வாசித்தேன். பெண்கள் அழுதார்கள். எனக்குச் சால்வை போட்டார்கள், நானும் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும் ஒரு கல்லூரிப் பையன் என் கையைப் பிடித்து, உங்களுக்குத்தான் சார் தைரியம் என்றான்.

மீதிக் கூலி வாங்க மேஸ்திரியோடு வந்த அன்று அவர் இதழைக் கையில் வைத்திருந்தார். யாரோ கொடுத்திருக்கிறார்கள். மடிப்புக் கலையாமல் இருந்தது.

“மற்றது எங்க அண்ணை?”

இடம் பத்தவில்லை என்று சொன்னேன். பத்திரிகைக்காரன் வாயில் வழக்கமாக வரும் பொய் அது. கோயில் திருவிழாச் செய்தி வரவில்லை என்று கேட்டு வருகிற தர்மகர்த்தாவிடம் சொல்வோமே, அதே பொய். மகளைப் பறிகொடுத்த மனிதரிடம் அதைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. என்னைப் பார்த்தபடியே, “அங்க வாய் திறக்கப் பயந்தம். கடல் தாண்டி வந்திட்டம் எண்டு நினைச்சன்” என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்ததில்லை. கீழ்புத்துப்பட்டு ஒன்றும் தொலைதூரம் இல்லை, பஸ் ஏறினால் போகலாம். போகவில்லை.

பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் இதைவிட அழகானவை. அவருடைய பாதுகாப்புக்காகத்தான் விட்டேன் என்று கொஞ்ச நாள். முகாம்களைக் க்யூ பிரிவு போலீஸ் கவனிக்கிறது, ஊருக்குள்ளேயும் ஆட்கள் இருக்கிறார்கள், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பெயர் போடாமல் எழுதியிருக்கலாம். பொக்கணையை அப்படித்தான் எழுதினேன். பொக்கணைக்கு மறைக்கத் தெரிந்தவனுக்கு, இரண்டாம் நாள் அவர் சொன்ன வலைஞர்மடத்துக்கு மறைக்கத் தெரியாதா?

இன்னொரு காரணம் இதைவிடக் கனமானது. இது நேரமில்லை என்பது அது. இத்தனை பிணம் விழுந்து ஒரு வருஷம் ஆகவில்லை. கொழும்பில் வெற்றிவிழா கொண்டாடுகிறார்கள். இந்த நேரத்தில் புலிகள் செய்ததை எழுதினால் யாருக்கு உதவும்? கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. புலிகளின் குற்றங்களை மட்டும் உரக்கப் பேசி ராணுவத்தின் குற்றங்களை மூடியவர்கள் நிஜமாகவே இருந்தார்கள், அவர்களுக்குக் கொழும்பில் மரியாதையும் இருந்தது. ஆனால் நான் அந்தப் பத்தியை அடித்த ராத்திரியில் கொழும்பைப் பற்றி நினைக்கவில்லை. கூட்டு ரோடு டீக்கடையைப் பற்றி நினைத்தேன். அங்கே எனக்கென்று ஒரு பெஞ்சு இருந்தது. காலையில் போனால், வாங்க என்று நகர்ந்து இடம் கொடுப்பார்கள். இதை எழுதினால் நகர மாட்டார்கள். துரோகி என்ற சொல் அந்த வருஷம் மிகச் சுலபமாகக் கிடைத்தது. நானே ரெண்டு பேருக்கு அதைக் கொடுத்திருந்தேன். என் பயம் மொத்தமும் அந்த பெஞ்சு அளவுதான்.

2011 ஏப்ரலில் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை வெளியானது. கடைசிக் கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை நம்பத்தக்க மதிப்பீடாக அது சொன்னது. அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களில் செல் அடித்ததையும், மருத்துவமனைகளைத் தாக்கியதையும், உணவையும் மருந்தையும் தடுத்ததையும் சொன்னது. பொக்கணைப் பால்மா வரிசை அதில் இருந்தது. அதே அறிக்கை, புலிகள் மக்களை வெளியேற விடாமல் கேடயமாக வைத்திருந்ததையும், சிறுவர் சிறுமியரைக் கட்டாயமாகப் பிடித்துப் போனதையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் சொன்னது. எனக்கு இரண்டாவது வாய்ப்பு வந்தது. பெயின்டர் சொன்னதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை, ஐ.நா.வே சொல்லிவிட்டது, மொழிபெயர்த்தால் போதும். ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். 40,000 என்ற எண் தலைப்பிலேயே வந்தது. அறிக்கையின் மறுபாதி அதில் இல்லை. முதல் தடவையாவது ராத்திரி தூங்காமல் கிடந்து அடித்தேன். இந்தத் தடவை அடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை, கை தானாக அதைத் தாண்டிப் போனது.

கூட்டங்களில் நாங்கள் நிமலராஜன் பெயரைச் சொல்வோம். மயில்வாகனம் நிமலராஜன், யாழ்ப்பாணத்தில் இருந்து பிபிசிக்கும் வீரகேசரிக்கும் செய்தி அனுப்பியவர். 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், சுற்றிலும் ராணுவக் காவல் இருந்த பகுதியில், வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். அந்த மாதம் நடந்த தேர்தலின் முறைகேடுகளை அவர் எழுதியிருந்தார். தராக்கி சிவராமின் பெயரையும் சொல்வோம். 2005 ஏப்ரல் 28 அன்று கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகில் பிணமாகக் கிடந்தவர். சொல்ல வேண்டிய பெயர்கள், சந்தேகமில்லை. ராஜினி திராணகம பெயரை எங்கள் மேடையில் நான் ஒரு தடவையும் கேட்டதில்லை, சொன்னதும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர். ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வரில் ஒருவர். இலங்கை ராணுவம் செய்ததை எழுதினார், இந்திய ராணுவம் செய்ததை எழுதினார், இயக்கங்கள் செய்ததையும் எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்தில் இருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். பழி புலிகள் மீதுதான் இன்றுவரை இருக்கிறது. எதிரி கையில் செத்தவர்களுக்கு எங்களிடம் பேனர் இருந்தது. ராஜினிக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. யாரைத் தைரியசாலி என்று சொல்கிறோம் என்பதையே, யார் சுட்டார்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

இதையெல்லாம் இப்போது கிளறியது கோட்டைதான். 2025 ஜூலையில் மராத்தியர்களின் ராணுவ நிலவமைப்பு என்ற தலைப்பில் யுனெஸ்கோ 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிராவில், பன்னிரண்டாவது செஞ்சி. ஊரில் ஒரே குதூகலம். மலர் போடுகிறோம், செஞ்சியின் வீரம் என்று நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். தேசிங்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. 22 வயது, பாராசாரிக் குதிரை, கல்யாண மேடையில் இருந்து எழுந்து வந்து கூடவே செத்த நண்பன் மோவுத்துக்காரன், போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட சிங்கவரம் ரங்கநாதர், 1714 அக்டோபர் 3. எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! அவர் பெயர் தேஜ் சிங் என்பதையும், புந்தேலா ராஜபுத்திரர் என்பதையும், அவுரங்கசீப்பிடம் இருந்து கோட்டையைப் பெற்ற அப்பா சொரூப் சிங் இறந்த பிறகு வந்து ஒரு வருஷம்கூட ஆளவில்லை என்பதையும், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு சண்டை மூண்டது கட்டாத கப்பப் பாக்கிக்காக என்பதையும் ஒவ்வொரு தடவையும் விட்டிருக்கிறேன். தெரியாமல் இல்லை. வீரத்துக்கு அது இடைஞ்சல்.

இந்தத் தடவை வேறு ஏதாவது கிடைக்குமா என்று பீம்சேன் சக்சேனாவை எடுத்தேன். பாரசீகத்தில் அவர் எழுதிய நுஸ்கா-இ-தில்குஷாவை ஜதுநாத் சர்க்கார் ஆங்கிலத்தில் ஆக்கியிருக்கிறார். பீம்சேன் புர்ஹான்பூரில் பிறந்த காயஸ்தர், முகலாயப் படையில் தள்பத் ராவ் புந்தேலாவின் எழுத்தர். மராத்திய அரசர் ராஜாராமைப் பிடிக்க 1690-ல் சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டபோது அந்தப் பாசறையில் இருந்தவர். முகலாயப் படையில் வாக்கியா நவிஸ் என்று அரசாங்கச் செய்தி எழுத்தர் ஒருவர் உண்டு. அவர் எழுதுவதைச் சரிபார்க்க, யாரென்று தெரியாமல் குஃபியா நவிஸ் என்று இன்னொருவர். பீம்சேன் அந்த இரண்டு வேலையிலும் இல்லை. தனக்காக எழுதினார். தன் படை எப்படித் தோற்று ஓடியது என்று எழுதினார். மராத்தியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் சுற்றி வளைத்ததில் பாசறையே பட்டினி கிடந்து, கடைசியில் வந்தவாசிக்குப் பின்வாங்கியதை எழுதினார். அவுரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் எதிரியோடு ரகசியமாகப் பேச, அவனைத் தன் தளபதியே காவலில் போட்ட அசிங்கத்தையும் விடவில்லை. தளபதி நினைத்திருந்தால் வந்த அன்றைக்கே கோட்டையைப் பிடித்திருப்பான், சண்டையை இழுத்தடிப்பது தளபதிகளின் வழக்கம் என்கிறார். கோட்டை விழுந்தது 1698-ல். சோறு போட்ட படையைப் பற்றி, அதே படையின் கணக்கெழுத்தர். அவர் வீரர் இல்லை. வாளைப் பிடித்ததாகப் பெருமை அடித்துக்கொள்ளவும் இல்லை.

அதைப் படித்துவிட்டு என்னால் மலருக்கு எழுத முடியவில்லை. முடியாது என்று சொல்லி அனுப்பினேன். உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னேன். அதுவும் பொய்தான், இந்தக் கணக்கில் சேரட்டும். பழைய நோட்டை எடுத்தேன். அடித்த பத்தி கீழே இருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடியதை நீக்கியிருக்கிறேன், வேறு எதையும் நீக்கவில்லை.

2009 மார்ச்சில் அவர் குடும்பம் வலைஞர்மடத்தில் தறப்பாள் கொட்டிலில் இருந்தது. வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கேட்டபோது மூத்த மகன் போய் இறந்திருந்தான். பிறகு அந்தக் கணக்கும் இல்லாமல் போயிற்று. மகள் பள்ளிக்கூடத்தை முடிக்கவில்லை. கல்யாணமானவளைப் பிடிக்க மாட்டார்கள் என்று பெயருக்கு ஒரு கல்யாணம் பேசித் தாலி கட்டி வைத்தார்கள். பகல் முழுக்கப் பங்கருக்குள் இருந்தாள். மேலே பலகை, பலகைக்கு மேலே சமையல் சாமான். ஒருநாள் விடியும் முன் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவன் அவளோடு படித்தவன், பங்கர் எங்கே என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தாய் அவன் காலைக் கட்டிக்கொண்டார். வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். முடியைக் கத்தரித்துவிட்டார்கள், சில நாள் பயிற்சிக்குப் பிறகு முன்னரங்குக்கு அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி. ஏப்ரலில் மிச்சம் இருந்தவர்கள் இரவில் களப்பில் இறங்கினார்கள். பின்னால் இருந்து சூடு வந்தது. சுட்டவர்கள் திரும்புங்கோ, திரும்புங்கோ என்று தமிழில் கத்தினார்கள். மனைவியின் தம்பி தண்ணீரிலேயே விழுந்தார், தூக்க முடியவில்லை. முன்னால் ராணுவம் செல் அடித்துக்கொண்டிருந்தது. முகாமில், வந்து சேர்ந்தவர்கள் பட்டியலிலும் சரணடைந்தவர்கள் பட்டியலிலும் மகள் பெயரைத் தேடினார். கிடைக்கவில்லை.

“அவங்கள் எங்கட பிள்ளையள்தான் அண்ணை. அதாலதான் சொல்லுறன்” என்றார். கூடவே ஒன்று சொன்னார், அதையும் அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறேன்: நேற்றுச் சொன்னதையும் இன்று சொன்னதையும் ஒன்றாகவே போடுங்கோ, இதை மட்டும் தனியாகப் போட்டால் ஆமிக்காரனுக்கு வாய்ப்பாய்ப் போயிடும்.